காற்றும் காரும்: சார்ஜர் 500, சார்ஜர் டேற்றோனா – ஓர் ஒப்புநோக்கு

விரைவிலே விருப்பங் கொள்ளுதல் மனிதர்க்கு இயல்பு. அவ்விரைவை எதனாற் பெறலாம் என்னும் வினாவிற்கோ ஒவ்வொரு காலத்தாரும் ஒவ்வொரு விடை கண்டனர். 1960ஆம் ஆண்டுகளில் ஐக்கிய அமெரிக்காவின் மோட்டார் கம்பனியார் கண்ட விடை மிக எளியது. நடுத்தர அளவுள்ள காரிலே மிகப் பெரிய எஞ்சினைப் பொருத்துக என்பதே அது. அவ்வாறு பிறந்த கார்களை அந்நாட்டார் ‘மசில் கார்’ என்றனர். தசை முறுக்கேறிய மல்லனைப் போன்றது என்பது கருத்து. 1964இல் வெளிவந்த பொன்ரியாக் ஜீ.ரீ.ஓ. என்னும் கார் இவ்வகைக்கு முன்னோடி எனக் கொள்வர்.

மல்லனுக்கு வலிமை ஒன்றே போதும் என்று அக்காலத்திற் பலர் எண்ணினர். அவ்வெண்ணம் எவ்விடத்திலே தடைப்பட்டது என்பதைக் காண்டற்கு, ஒரே கம்பனி ஒரே ஆண்டில் ஒரே காரிலிருந்து ஆக்கிய இரு வடிவங்களை அருகருகே வைத்து நோக்குதல் நன்று. டொட்ஜ் சார்ஜர் 500, டொட்ஜ் சார்ஜர் டேற்றோனா என்பன அவை. இரண்டும் 1969ஆம் ஆண்டு மாதிரிகள். கிறைஸ்லர் கம்பனியின் டொட்ஜ் பகுதியினர் விற்றவை. இரண்டிற்கும் முன்பின் சில்லுகளுக்கிடையேயுள்ள தூரம் 117 அங்குலமே. எஞ்சின்களும் அவையே: 440 கன அங்குல ‘மக்னம்’ ஒன்று, 426 கன அங்குல ‘ஹெமி’ மற்றொன்று. முன்னையதற்கு 375 பரிவலுவும் பின்னையதற்கு 425 பரிவலுவும் கம்பனியார் குறித்தனர். ஆதலால் எஞ்சினைக் கொண்டு இவ்விரண்டையும் வேறுபடுத்தல் இயலாது. வேறுபாடு முழுவதும் காற்றைப் பற்றியதாம்.

இரண்டிற்கும் தாயாகியது 1968இல் வந்த சார்ஜர். அதன் அழகை மறுப்பார் இலர். இடை சுருங்கி, பின்புறம் அகன்று, சோடாப் போத்தலின் வளைவை நினைவூட்டும் பக்கங்கள்; முகத்திலே ஆழமாக உள்வாங்கிய கரிய கிராதி; அக்கிராதிக்குள் மூடிகளின் பின்னே மறைந்திருக்கும் விளக்குகள்; கூரையின் இருபுறத்திலுமிருந்து பின்னோக்கிச் சரிந்திறங்கும் இரு தூண்கள்; அவற்றின் நடுவே குழிந்து நிற்கும் பின்கண்ணாடி. வாங்குவோர் இதனைக் கண்டு மயங்கினர். அவ்வாண்டில் விற்பனையானவை 96,000 அளவின.

கண்ணைக் கவர்ந்த அவ்வடிவத்தைக் காற்று ஏற்றுக்கொள்ளவில்லை. உள்வாங்கிய கிராதி, திறந்த வாயையுடைய ஒரு பை போன்றது. எதிர்வருங் காற்று அதனுட் புகுந்து தேங்கும்; ஒரு பகுதி காரின் அடியிற் சென்று முற்பக்கத்தை மேலே தூக்கும். பின்கண்ணாடியின் குழிவோ இன்னுந் தீயது. கூரையின்மேல் ஒழுங்காக ஓடிவந்த காற்று அவ்விடத்தில் உடலைவிட்டுப் பிரிந்து சுழலும். சுழலுமிடத்தில் அமுக்கங் குறையும்; குறைந்த அமுக்கம் காரைப் பின்னோக்கி இழுக்கும்; பின்சில்லுகளின்மேலுள்ள பாரத்தையுங் குறைக்கும். மணிக்கு 60 மைலிற் செல்பவன் இவற்றுள் ஒன்றையும் உணரான். மணிக்கு 190 மைலிற் செல்லும் பந்தயச் சாரதிக்கோ, நிலத்தைப் பற்றி நிற்க வேண்டிய சில்லுகள் பற்றுவிடுதல் உயிர்ப்பிரச்சினையாகும்.

பந்தயத்தைப் பற்றி இங்கே சிறிது கூறல் வேண்டும். அமெரிக்காவில் நாஸ்கார் என்னுஞ் சங்கம் நடத்தும் பந்தயங்களில் ஓடுவன ‘ஸ்ரொக் கார்கள்’ எனப்படும். கடையில் விற்பனைக்கு வைக்கப்பட்ட கார் என்பதே அப்பெயரின் பொருள். பந்தயத்திற்கென்றே தனியாக ஒன்றைச் சமைத்துக்கொண்டு வருதல் ஆகாது. பொதுமக்கள் வாங்கக்கூடிய காராக அஃது இருத்தல் வேண்டும். இவ்விதியின் கடுமையைக் கிறைஸ்லர் கம்பனி முன்னரே அனுபவித்திருந்தது. 1964இல் அதன் ஹெமி எஞ்சின் பூட்டிய பிளிமத் கார்கள் புளோரிடாவிலுள்ள டேற்றோனாத் தடத்தில் நடந்த 500 மைற் பந்தயத்தில் முதல் மூன்று இடங்களையும் பெற்றன. முதலில் வந்தவர் றிச்சட் பெற்றி. அடுத்த ஆண்டிலே, மக்களுக்கு விற்கப்படாத எஞ்சின் என்பதால் அது தடைசெய்யப்பட்டது. கம்பனியார் 1966இல் அவ்வெஞ்சினைத் தெருவில் ஓடுங் கார்களுக்கும் விற்கத் தொடங்கிய பின்னரே தடை நீங்கியது. விதியை எதிர்த்தல் இயலாதெனின், விதி கேட்குந் தொகையைச் செய்து விற்றுவிடுதல் என்னும் உபாயத்தை அவர்கள் அன்றே கற்றனர். 1969இல் நாஸ்கார் கேட்ட தொகை 500 கார்கள்.

1968ஆம் ஆண்டில் போர்ட் கம்பனியின் ரோறினோவும் அதன் உடன்பிறப்பான மேர்க்குரி சைக்கிளோனும், கூரையிலிருந்து வால்வரை ஒரே சரிவாக அமைந்த உடலுடன் வந்தன. அவ்வாண்டின் டேற்றோனாப் பந்தயத்தை ஒரு மேர்க்குரியே வென்றது. வலிமைமிக்க எஞ்சினையுடைய சார்ஜர் பின்தங்கியது. கம்பனியின் பொறியியலார் கணக்குப் பார்த்தனர். பௌதிகம் பயிலும் நம் மாணவரும் அக்கணக்கை ஒருமுறை செய்து பார்த்தல் பயன்றரும்.

காற்றுத்தடை, கதியின் வர்க்கத்திற்கு விகிதசமமாகக் கூடும். அத்தடையை எதிர்த்துச் செல்லத் தேவையான வலு, தடையையுங் கதியையும் பெருக்கி வருவது. ஆகவே அது கதியின் கனத்திற்கு விகிதசமமாகக் கூடும். மணிக்கு 190 மைலிற் செல்லும் ஒரு காரை 200 மைலிற் செலுத்த விரும்பினால், இருபதைப் பத்தொன்பதால் வகுத்து மும்முறை பெருக்குக. வருவது 1.17 அளவினது, அதாவது வலு ஏறத்தாழ ஆறிலொரு பங்கு கூடல் வேண்டும். 600 பரிவலுவுடைய எஞ்சின் 700 பரிவலு தரவேண்டும். ஏற்கெனவே எல்லைவரை முறுக்கப்பட்ட ஓர் எஞ்சினிலிருந்து இன்னுமொரு நூறு பரிவலுவைப் பிழிந்தெடுத்தல் எவ்வளவு அரிது என்பதை எஞ்சின் வேலை அறிந்தோர் அறிவர். அதே பயனை வேறொரு வழியாலும் பெறலாம். காரின் காற்றுத்தடையை ஏழிலொரு பங்கு குறைத்துவிட்டால், பழைய எஞ்சினே 200 மைலுக்குப் போதும். (சில்லுகள் உருளுவதால் வருந் தடையை இக்கணக்கில் ஒதுக்கியுள்ளேன், அவ்விரைவில் அது சிறுபான்மையே.) உலோகத் தகட்டை வளைப்பது எஞ்சினைப் பெருக்குவதிலும் மலிவானது என்னும் உண்மை இங்கே வெளிப்படுகின்றது.

சார்ஜர் 500 இக்கணக்கிற் பிறந்த முதற் பிள்ளை. அதன் வழி, குற்றங்களை நீக்கும் வழி. உள்வாங்கிய கிராதியை எடுத்துவிட்டு, 1968ஆம் ஆண்டின் டொட்ஜ் கொரோனெற் காருடைய கிராதியை முகத்தின் விளிம்போடு சமமாகப் பொருத்தினர். மறைந்திருந்த விளக்குகள் வெளியே வந்து நிலையாக நின்றன. பின்கண்ணாடியின் குழிவைத் தகட்டினால் நிரப்பி, கண்ணாடியைத் தூண்களின் சரிவோடு ஒன்றச் சாய்த்து வைத்தனர். அதனால் டிக்கியின் மூடி குறுகிப் போயிற்று. முன்கண்ணாடியின் இரு ஓரங்களிலுமுள்ள பள்ளங்களைக்கூட மினுக்கத் தகடு கொண்டு மூடினர். இவ்வேலையைப் பெருந்தொழிற்சாலையின் ஓட்டத்திலே செய்தல் இயலாமையால், டிட்றொயிற் நகரிலிருந்த கிறியேற்றிவ் இண்டஸ்ற்றீஸ் என்னும் சிறு நிறுவனத்தாரிடம் கார்களை அனுப்பிச் செய்வித்தனர். தாயின் அழகிற் சிறிது குறைந்தது உண்மை; ஆயினும் பார்ப்பவன் அதனை ஒரு சார்ஜர் என்றே கொள்வான். பெயரிலுள்ள 500 என்னும் எண் நாஸ்காரின் விதியை நினைவூட்டுவது. உண்மையிற் செய்து முடிக்கப்பட்டவை 392 என்றே பலரும் கணக்கிடுவர். பெயரளவில் ஐந்நூறு என்பது இதற்கு முற்றும் பொருந்தும்!

போர்ட் கம்பனியார் வாளாவிருந்தாரல்லர். அவர்களும் ரோறினோவின் மூக்கை நீட்டிச் சரித்து, ‘ரோறினோ தலடீகா’ எனப் பெயரிட்டுக் களத்திற் கொணர்ந்தனர். கதவுகளுக்குக் கீழேயுள்ள தகட்டின் விளிம்பைச் சற்று மேலே மடித்து அமைத்தமையால், நிலத்திலிருந்து இருக்க வேண்டிய உயரத்தை அளக்கும் இடமே உயர்ந்தது. விதியை மீறாமலே காரின் உடலைத் தாழ்த்திவிட்டனர். இத்தகைய நுட்பத்தைத் தந்திரம் என்பாரும் உளர். விதியைக் கூர்ந்து வாசித்தவரின் உரிமை என்பாரும் உளர். 1969 பெப்புருவரியில் நடந்த டேற்றோனாப் பந்தயத்தில், சார்லி குளொட்ஸ்பாக் ஓட்டிய டொட்ஜை லீறோய் யாபறோவின் போர்ட் இறுதிச் சுற்றிலே முந்திச் சென்று வென்றது. பல மாத முயற்சி ஒரு சுற்றிலே தோல்வியாயிற்று.

இதனைக் கொண்டு சார்ஜர் 500 பயனற்றது எனத் தீர்ப்பளித்தல் தவறு. பொபி ஐசாக் என்னுஞ் சாரதி 1969இல் டொட்ஜ் கார்களில் 17 பந்தயங்களை வென்றார். அவற்றுட் பெரும்பாலானவை குறுந்தடங்களில் நிகழ்ந்தவை. வளைவுகள் நெருங்கி வேகங் குறைந்த அவ்விடங்களிற் காற்றின் கை ஓங்குவதில்லை. எஞ்சினுஞ் சாரதியின் திறனும் அங்கே தீர்ப்பளிக்கும். பெருந்தடங்களிலேதான் 500 தளர்ந்தது. குற்றங்களை நீக்கியதால் தடை குறைந்தது. காரை நிலத்தோடு அழுத்திப் பிடிக்க வேண்டிய விசை பிறக்கவில்லை.

இரண்டாவது பிள்ளையாகிய டேற்றோனா, இல்லாததைச் சேர்க்கும் வழியில் வந்தது. அதனை ஆக்கியோருட் சிலர் கிறைஸ்லர் கம்பனியின் ஏவுகணை, விண்வெளி வேலைகளிலிருந்து வந்தவர்கள். காரை அவர்கள் நிலத்திலோடும் ஆகாயவிமானமாகவே நோக்கினர் எனலாம். விமானத்தை மேலெழச் செய்யுங் கலையைத் தலைகீழாக்கி, காரைக் கீழே அழுத்தும் கலையாக மாற்றினர். சிறு மாதிரிகளைக் காற்றுச்சுரங்கத்தில் வைத்துச் சோதித்தும், முழுக் காரைக் கம்பனியின் சோதனைத் தடத்தில் ஓட்டியும் வடிவத்தைத் தீர்மானித்தனர்.

முகத்திற்கு முன்னே ஏறத்தாழ 18 அங்குல நீளமுள்ள, ஆப்புப் போன்று கூரிய உருக்குமூக்கு ஒன்று நீண்டது. கிராதி முற்றாக மறைந்தது. எஞ்சினைக் குளிர்விக்குங் காற்று மூக்கின் கீழுள்ள சிறு வாயில் வழியே புகுந்தது. அம்மூக்கின் அடியில் நாடி போலத் தொங்கிய தகடு, காரின் கீழே காற்றுப் புகுவதைத் தடுத்தது. விளக்குகள் மூக்கினுட் படுத்துறங்கி, வேண்டும்போது எழுந்து நிற்கும். பின்கண்ணாடி 500இல் உள்ளதைப் போன்றே சாய்ந்தது. பின்புற மட்காட்டுகள் இரண்டின்மேலும் இரு தூண்களை நிறுத்தி, அவற்றின் தலையிலே குறுக்காக ஓர் அலுமினியச் சிறகைப் பொருத்தினர். அதன் உயரம் டிக்கியின்மேல் 23 அங்குலம். விமானச் சிறகின் வடிவத்தைக் கவிழ்த்து வைத்ததே அது. கோணத்தைக் கூட்டவுங் குறைக்கவும் கூடியவாறு அமைந்தது. அத்தூண்களும் வெறுந் தாங்கிகளல்ல. அம்பின் இறகு அம்பை நேராகச் செலுத்துவதுபோல, அவை காரின் வால் பக்கவாட்டில் அலையாது காத்தன.

சிறகின் உயரத்தைப் பற்றி இரு கூற்றுகள் வழங்குகின்றன. கூரையினாற் கலங்காத தூய காற்றை அடைதற்பொருட்டு அவ்வளவு உயர்த்தினர் என்பது ஒன்று. டிக்கியின் மூடி சிறகில் முட்டாது முழுவதுந் திறத்தற்காகவே உயர்த்தினர் என்பது மற்றொன்று. இரண்டாவது கூற்றைக் கேட்போர் நகைப்பர். மணிக்கு 200 மைலில் ஓடும் காரின் டிக்கியில் எவர் அரிசிமூட்டை ஏற்றுவார்? ஆயினும் ஸ்ரொக் கார் என்பது கடையில் விற்கும் கார் என்பதை நினைவிற் கொண்டால் நகைப்பு அடங்கும். டிக்கி திறவாத காரை எந்த முகவரும் விற்றல் இயலாது. விற்காவிடின் அது பந்தயத்துக்கு உரியதாகாது. இரு காரணங்களும் ஒருங்கே உண்மையாயிருத்தல் கூடும் என்பது என் கருத்து. முன் மட்காட்டுகளின்மேலுள்ள பின்னோக்கிய இரு மூடிகளைப் பற்றியும் இவ்வாறே ஒரு மயக்கம் உண்டு. தடுப்புகளைக் குளிர்விக்க வைத்தவை என்று பலர் கூறுவர். பந்தயக் கார் மிகத் தாழ்ந்து ஓடுவதால், மேலெழும் ரயர் மட்காட்டில் உரசாதிருக்க அங்கே துளையிட்டு மூடிய மூடிகளே அவை. தெருவிலோடும் கார்களில் அவை வெறும் அலங்காரம்.

டேற்றோனா 1969 ஏப்பிரிலில் அறிவிக்கப்பட்டது. அமெரிக்காவில் விற்கச் செய்தவை 503. அவற்றுள் 70 மட்டுமே ஹெமி எஞ்சின் பூண்டவை. இம்முறை விதி கேட்ட தொகை நிறைந்தது. விலை 4,000 டொலருக்குச் சற்றுக் குறைவு.

அதன் முதற் பந்தயம் அவ்வாண்டு செப்ரெம்பர் 14ஆம் நாள் அலபாமா மாநிலத்துத் தலடீகாவில் நடந்தது. அத்தடமும் அவ்வாண்டே திறக்கப்பட்டது. ஒரு சுற்று 2.66 மைல், வளைவுகளின் சாய்வு 33 பாகை. அங்கே எவரும் எதிர்பாராத ஓர் இடர் தோன்றியது. கார்கள் மணிக்கு 200 மைலை அணுகியபொழுது ரயர்கள் சிதையலாயின. எஞ்சினும் உடலும் முன்னேறிவிட்டன. நிலத்தைத் தொடும் இறப்பர் மட்டும் பின்னே நின்றது. றிச்சட் பெற்றியின் தலைமையில் இயங்கிய சாரதிகள் சங்கத்தினர், இந்நிலையில் ஓடுதல் உயிருக்கு ஆபத்து என்று கூறித் தம் கார்களுடன் வெளியேறினர். நாஸ்காரின் தலைவர் பில் பிரான்ஸ் பந்தயத்தை ஒத்திவைக்க உடன்படவில்லை; எஞ்சியோரையும் சிறு கார்களையுங் கொண்டு நடத்தினார். றிச்சட் பிறிக்ஹவுஸ் என்னும், அதுவரை பெரும் பந்தயம் எதனையும் வென்றறியாதவர் டேற்றோனாவை ஓட்டி முதலில் வந்தார். புதிய காரின் முதல் வெற்றி, பெரும் போட்டியாளர் பலர் இல்லாத களத்திற் கிடைத்தது. அவ்வெற்றியைக் குறைத்து மதிப்பிடுவோர் உளர். என்னளவில், அன்று வெளியேறியோரின் செயலே கூடுதலாக மதிக்கற்பாலது. அவர்கள் கோழைகளல்லர் என்பதற்கு அவர்தம் முந்திய ஆண்டுகளே சான்று.

டேற்றோனாவின் உண்மையான ஆற்றல் அடுத்த ஆண்டிலே வெளிப்பட்டது. 1970 மார்ச் 24ஆம் நாள் அதே தலடீகாத் தடத்தில், கம்பனியின் சோதனைக் காராகிய நீலநிற 88ஆம் இலக்க டேற்றோனாவைப் பட்டி பேக்கர் மணிக்கு 200.447 மைல் வேகத்தில் ஒரு சுற்று ஓட்டினார். மூடிய தடத்தில் 200 மைலைக் கடந்த முதல் ஸ்ரொக் கார் அதுவே. அவ்வாண்டின் நாஸ்கார் வாகையும் டேற்றோனாவை ஓட்டிய ஐசாக்குக்குக் கிடைத்தது. டேற்றோனாவைப் பின்பற்றிப் பிளிமத் பகுதியினர் 1970இல் ஆக்கிய சுப்பர்பேர்ட், 1969இல் போர்ட் கம்பனிக்குச் சென்றிருந்த பெற்றியையும் திரும்ப அழைத்து வந்தது.

இனி, பந்தயத்தை மறந்து, காசு கொடுத்து வாங்கியவனின் பக்கத்திலிருந்து இரண்டையும் நோக்குவோம். மணிக்கு 60 மைலிற் சிறகு தரும் விசை, 200 மைலிற் றருவதில் நூற்றுக்கு ஒன்பது பங்கே. ஆறின் வர்க்கம் முப்பத்தாறு, இருபதின் வர்க்கம் நானூறு என்பதைக் கொண்டு எவரும் இதனைச் சரிபார்க்கலாம். ஆகவே வீதியில் டேற்றோனாவின் சிறகு சுமையன்றி வேறல்ல. நீண்ட மூக்கு நிறுத்துமிடந் தேடும் சாரதிக்கு ஓயாத கவலை. விதிக்காக விரைந்து செய்யப்பட்டமையால் மூக்குக்கும் உடலுக்கும் இடையே பொருத்தமும் செம்மையாக இராது. அன்றாடப் பாவனைக்கு 500ஐயே தெரிவு செய்வேன். அது தன் திருத்தங்களை உடலுக்குள் அடக்கி, வீதியில் எவர்க்கும் இடையூறின்றிச் செல்லும். ஆனால் அக்காரணத்தாலேயே அது மறக்கப்பட்டது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். 1970இல் ‘சார்ஜர் 500’ என்னும் பெயரை, சாய்ந்த கண்ணாடியும் இல்லாத, சமமான கிராதியும் இல்லாத சாதாரண சார்ஜர் ஒன்றுக்குச் சூட்டினர். டேற்றோனாவோ, அக்காலத்திற் பலர் ஏளனஞ் செய்து வாங்காது விட்டதாயினும், ஹெமி பூண்டதாயின் நம் காலத்து ஏலங்களிற் பத்து இலட்சம் டொலரையுந் தாண்டுகின்றது.

1971ஆம் ஆண்டுக்கு நாஸ்கார் ஒரு புதிய விதி செய்தது. சிறகும் மூக்கும் உடைய கார்கள் ஓடலாம். ஆனால் அவற்றின் எஞ்சின் 305 கன அங்குலத்தை மீறலாகாது. தடை என்று கூறாமலே தடுத்தனர். அவ்விதிக்கு அடங்கிய சிற்றெஞ்சினுடன் டிக் புறூக்ஸ் ஒருவரே அவ்வாண்டின் டேற்றோனாப் பந்தயத்தில் ஒரு டேற்றோனாவை ஓட்டினார். அவர் பெற்ற இடம் ஏழாவது. முக்காற் பங்கிற்குச் சற்றே குறைந்த எஞ்சினையும் காற்றையுங் கொண்டு அது பெற்ற அவ்விடத்தை யான் ஏனைய வெற்றிகளோடு வைத்தே எண்ணுவேன்.

அதே ஆண்டு செப்ரெம்பரில் ஐசாக் தம் டேற்றோனாவை யூற்றா மாநிலத்துப் பொனவில் உப்புவெளிக்குக் கொண்டு சென்றார். ஹெமி எஞ்சின் மீண்டும் அதிற் பூட்டப்பட்டிருந்தது. எத்தனை கார்கள் விற்றன என்றோ டிக்கி திறக்குமோ என்றோ கேட்பார் அவ்வெளியில் இலர். மணிக்கு 216 மைலைக் கடந்து ஓடி, வேகச் சாதனைகள் பலவற்றை அங்கே நிறுவிய பின்னரே அவர் திரும்பினார்.